எடை மேடையும் பின்தங்கிய எண்ணும்

டெல்டாவில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். சம்பாவும் தாளடியும் பொங்கலை ஒட்டித் தொடங்கி மாசி வரை நீளும். இந்தப் பருவங்களில் மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் பக்கத்து ரைஸ் மில் வாசல்களில் லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். வரிசையின் தலையில் எடை மேடை இருக்கும். அந்த மேடையின் எண்ணை ஆபீஸ் கணக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சீரியல் போர்ட்டோடுதான், அதாவது எழுத்துகளை ஒவ்வொரு பிட்டாக வாங்கும் பழைய வகைக் கேபிள் வாசலோடுதான், பல வருடங்களாக என் பிழைப்பு.

எடை அறையில் சாதாரண கம்ப்யூட்டர் நிலைக்காது. நெல் தூசி விசிறியை அடைத்துவிடும். கரண்ட் அடிக்கடி போய் வருவதில் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகும். விசிறியும் ஹார்ட் டிஸ்கும் இல்லாத தின் கிளையண்ட் அங்கே பொருத்தமான சாமான். திரையும் கீபோர்டும் எடை அறையில் இருக்கும், புரோகிராம் ஆபீஸ் சர்வரில் ஓடும். ஆனால் மேடையின் எடையை எண்ணாகக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டியின் கேபிள் வந்து சேருவது எடை அறைக்கு. அதைப் படிக்க வேண்டிய புரோகிராமோ முற்றத்தைத் தாண்டி ஆபீசில் இருக்கிறது. நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருந்தன.

“ஸ்லோவா இருக்கு சார்” என்று போன் வந்தால், நான் போய்ச் சேருவதற்குள் யாராவது பாட் ரேட்டை, அதாவது கம்பியில் நொடிக்கு எத்தனை பிட் போகும் என்ற எண்ணை, கூட்டிப் பார்த்திருப்பார்கள். செட்டிங்கில் வேகம் என்று கண்ணுக்குத் தெரிகிற எண் அது ஒன்றுதான், அதனால் எல்லோர் கையும் அங்கே போகிறது. கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். ஒரு எழுத்துக்கு 8 டேட்டா பிட், முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், பின்னால் ஒரு ஸ்டாப் பிட், மொத்தம் 10. ஆக 2400 பாட் என்றால் நொடிக்கு 240 எழுத்து. எடையைச் சொல்லும் ஒரு வரி 18 எழுத்து என்று வைத்தால், அது வந்து சேர 75 மில்லி செகண்ட் ஆகும். 9600-க்கு மாற்றினால் 19 மில்லி செகண்ட். மிச்சமாவது 56 மில்லி செகண்ட், மனிதக் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. திரையில் எண் பத்து நொடி, இருபது நொடி தாமதமாக வருகிறது என்றால் அந்த நேரத்தைத் தின்பது கம்பி இல்லை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு மில்லில் இது பெரிய விவகாரமே ஆகிவிட்டது. இண்டிகேட்டரில் சிவப்பு எழுத்தில் ஒரு எடை, கம்ப்யூட்டர் திரையில் வேறொரு எடை. நெல் கொண்டுவந்தவர் கேட்டார்: “என்ன தம்பி, போர்டுல ஒண்ணு காட்டுது, சீட்டுல ஒண்ணு வருது?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்தடுத்த சில வரிகளில் எடை மாறாமல் இருந்தால் “நின்றுவிட்டது” என்று எடுத்துக்கொள்ளும்படி அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. முந்தைய வண்டியின் பழைய எடையும் மாறாமல் நிற்கும் எடைதானே? அதை இந்த வண்டியின் எடையாகச் சீட்டில் அடித்துவிடும் ஆபத்து அதில் இருந்தது. 2024-25-இல் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அந்தக் கணக்கில் எடை நூறு கிலோ குறைவாக விழுந்தால் விவசாயிக்கு 2,300 ரூபாய் நட்டம். அதனால் இதை வெறும் வேகக் குறைவு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகும் வரை கையால் சீட்டு எழுதுங்கள் என்றேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். மேடை காலியாக இருக்கும்போது ஒரு ஆளை ஏறி நிற்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இண்டிகேட்டர் உடனே 60, 70 என்று காட்டும். அதே எண் திரைக்கு வர எத்தனை நொடி என்று எண்ண வேண்டும். அங்கே எடை போடும் அண்ணன் ஏறி நின்றார். புரோகிராமை மூடித் திறந்த கையோடு பார்த்தால் எண் சட்டென்று வந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் அவர் இறங்கி டீ வாங்கப் போன பிறகும் திரையில் அவர் எடை வரவில்லை. ஒரே அளவாக இருக்கும் தாமதம் ஒரு வகை, போகப் போகக் கூடும் தாமதம் இன்னொரு வகை. கூடுகிறது என்றால் எங்கேயோ டேட்டா தேங்குகிறது என்று அர்த்தம். வாய்க்காலில் வருகிற தண்ணீரை மதகு வாங்கிக்கொள்ளாவிட்டால் மேலே தேங்கத்தானே செய்யும்.

தேங்கும் இடத்தைத் தேடுவதற்கு, தின் கிளையண்டிலேயே, போர்ட்டில் வருவதை அப்படியே காட்டும் ஒரு டெர்மினல் புரோகிராமைத் திறந்து போர்ட்டை நேராகப் பார்த்தேன். எண்கள் இண்டிகேட்டரோடு சேர்ந்தே ஓடின. கேபிள், போர்ட், பாட் ரேட் மூன்றும் குற்றமற்றவை என்று தெரிந்தது. மிச்சம் இருந்தது ரிமோட் டெஸ்க்டாப் (சர்வரில் ஓடும் புரோகிராமை எடை அறைத் திரையில் காட்டும் இணைப்பு) வழியாக சர்வருக்குப் போகும் பாதையும் அந்தப் பக்கத்துப் புரோகிராமும்.

புரோகிராம் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தது. போர்ட் சொந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் அப்படி இல்லை. “ஒரு எழுத்து கொடு” என்று சர்வர் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி நெட்வொர்க்கில் எடை அறைக்குப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும். முற்றத்தைத் தாண்ட அங்கே வயர்லெஸ் போட்டிருந்தார்கள், போய்வர ஏறக்குறைய 15 மில்லி செகண்ட் ஆனது. 18 எழுத்துக்கு 270 மில்லி செகண்ட். இண்டிகேட்டரோ நொடிக்குப் பத்து வரி, அதாவது நொடிக்கு 180 எழுத்து அனுப்புகிறது. புரோகிராம் படிக்க முடிந்தது நொடிக்கு 67 எழுத்துதான். மிச்சமெல்லாம் பஃபரில், அதாவது படிக்கும் வரை எழுத்துகள் காத்திருக்கும் நினைவிடத்தில், சேரும். 4,000 எழுத்து கொள்ளும் பஃபர் நிரம்பிவிட்டால், கடைசியில் நிற்கும் எழுத்து திரைக்கு வர ஒரு நிமிடம் ஆகிவிடும். இந்த நிலையில் பாட் ரேட்டைக் கூட்டுவதில் பயனில்லை. இடைவெளி விடாமல் அனுப்பும் வகை இண்டிகேட்டராக இருந்தால், அப்படிக் கூட்டுவதால் தேக்கம் இன்னும் வேகமாகச் சேரும்.

புரோகிராம் எழுதிய தம்பியிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் புரிந்துகொண்டார். வந்திருக்கும் எழுத்தையெல்லாம் ஒரே வீச்சில் படிக்கும்படி மாற்றினார். எடை எடுப்பதற்கு முன் பஃபரைக் காலி செய்யும்படியும் செய்தார். இண்டிகேட்டரையும், கேட்டால் மட்டும் எடை சொல்லும் முறைக்கு மாற்றிவிட்டோம். இந்த மூன்றில் கடைசி மாற்றத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கேட்காமல் எதுவும் வராது என்றால் பழைய எடை தேங்க இடமே இல்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வேறு கதை. அங்கே புது தின் கிளையண்டில் ஒன்பது முள் சீரியல் போர்ட்டே கிடையாது, யுஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டிருந்தார்கள். தாமதம் கூடவில்லை, ஒரே அளவாக இருந்தது. இந்தக் கன்வெர்ட்டர்களில் நிறையப் புழங்கும் எஃப்டிடிஐ கம்பெனிச் சிப்பில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று உண்டு. வந்த எழுத்துகளை ஒரு பாக்கெட் நிரம்பும் வரை, இல்லாவிட்டால் 16 மில்லி செகண்ட் ஆகும் வரை, சிப் தன்னிடமே வைத்திருக்கும். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் புரோகிராமில் பதில் சின்னதாக இருப்பதால், ஒவ்வொரு கேள்விக்கும் அந்த 16 மில்லி செகண்டைக் காத்தே ஆக வேண்டும். ஒரு எடைக்குப் பல முறை கேட்கும் புரோகிராமில் இதெல்லாம் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் தாமதமாகிவிடும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் அதை 1 ஆக்கலாம். ஆக்கினோம், சரியானது. மறுநாள் மறுபடி பழைய கதை. பல தின் கிளையண்டுகளில் ரைட் ஃபில்டர் இருக்கும், அணைத்துப் போட்டால் செய்த மாற்றமெல்லாம் அழிந்து பழைய நிலைக்கே வந்துவிடும். கரண்ட் போய் வருகிற ஊரில் அந்த மிஷினைக் காப்பாற்றுவதே அந்த ஃபில்டர்தான். அதை நிரந்தரமாக நிறுத்திவைக்கச் சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. ஃபில்டரை நிறுத்தி, மாற்றத்தைச் செய்து, மறுபடி போட்டுவிட வேண்டும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போனால் உப்புக் காற்றில் முள்கள் பச்சை பூத்துவிடும். எழுத்து சிதைந்து வரும். புரோகிராம் கெட்ட வரியைத் தள்ளிவிட்டு அடுத்த நல்ல வரிக்குக் காத்திருக்கும், பார்ப்பவருக்கு அதுவும் ஸ்லோதான். இதற்குக் கனெக்டரை மாற்றுவதுதான் வழி. மூன்று கம்பி மட்டும் உள்ள கேபிளைப் போட்டுவிட்டு ஹார்டுவேர் ஹேண்ட்ஷேக்கை (அனுப்பலாமா என்று தனிக் கம்பிகளில் கேட்டுக்கொள்ளும் முறையை) ஆன் செய்திருந்தால், வராத சிக்னலுக்காக ஒவ்வொரு முறையும் காத்திருந்து டைம் அவுட் ஆகும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது புதிதாக எடை மேடை போடுபவர்கள் கேட்டால், இண்டிகேட்டரை முடிந்தவரை எடை அறைக்குள்ளேயே படித்து, முழு எடையை மட்டும் சர்வருக்கு அனுப்பச் சொல்கிறேன். பழைய புரோகிராமை மாற்ற முடியாத மில்களில், காலையில் முதல் வண்டி ஏறும் முன் ஒரு ஆள் மேடையில் ஏறி இறங்குவதை வழக்கமாக்கியிருக்கிறோம். ஆபீசைத் திறந்தபோதே புரோகிராம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சோதனைக்காக மூடித் திறக்கக் கூடாது. ஏறும்போது ஒரு எண்ணிக்கை, இறங்கும்போது ஒரு எண்ணிக்கை, இரண்டும் நோட்டில் ஏறும். இரண்டு நொடியைத் தாண்டினால் சீட்டு அடிக்காமல் எனக்கு போன் செய்வார்கள்.