பக்கெட் காலியாச்சு, ஸ்கோர் மட்டும் அப்படியே இருக்கு

கோல்ஃப் ரேஞ்சுக்கு, அதான் பந்து அடிச்சுப் பழகுற மைதானத்துக்குப் போய் நூறு பந்து அடிச்சுட்டு வர்றதுதான் பிராக்டிஸ்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். 7 அயர்ன்னு ஒரு கிளப்ப, அதாவது நடுத்தர தூரத்துக்கு அடிக்கற மட்டைய எடுத்தா கடைசி வரைக்கும் அதேதான், நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு, அடிச்ச பந்து கீழ விழுறதுக்குள்ள அடுத்தத கிளப்பாலயே இழுத்து வச்சு டமால் டமால்னு. முப்பது பந்து தாண்டுனா எல்லாம் நேரா பறக்க ஆரம்பிக்கும், ஆஹா கை வந்துருச்சுடானு தோணும். மறுநாள் நிஜமா விளையாடுற கோர்ஸ்ல முதல் ஹோல்லயே, அதாவது முதல் குழிக்கு ஆடும்போதே, பந்து மரத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்.

யோசிச்சுப் பாத்தா இதுல ஆச்சரியமே இல்ல. ரேஞ்சுல தப்பா போச்சுனா அடுத்த பந்துல சரி பண்ணிக்கலாம், கோர்ஸ்ல எந்த ஷாட்டும் ரெண்டாவது தடவ கிடைக்காது, ரொம்ப தூரம் அடிக்கற டிரைவர் கிளப்பால அடிச்சுட்டு நடந்து போய் அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு வேற கிளப், வேற தூரம், வேற மேடு. 1979ல ஷே, மார்கன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதத்தான் சோதிச்சாங்க, கோல்ஃப் வச்சு இல்ல, சின்ன மரத்தடுப்புகள வேகமா தட்டிவிடுற வேலய வச்சு. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப பழகுனவங்க பழகும்போது பிரமாதமா பண்ணாங்க, ஆனா பத்து நாள் கழிச்சு பாத்தா மாத்தி மாத்தி கலந்து பழகுனவங்கதான் முன்னாடி இருந்தாங்க. பழகும்போது தடுமாறுறது நல்லதுக்குத்தான் போல.

அதனால இப்ப நாப்பது பந்துக்கு மேல தொடுறதில்ல. கிட்ட தூரத்துக்கு அடிக்கற வெட்ஜ் கிளப்புல பத்து பந்து உடம்பு சூடாக, அப்புறம் மனசுக்குள்ள ஒரு ஹோல் விளையாடுவேன்: டிரைவர், அடுத்து 6 அயர்ன், அடுத்து வெட்ஜ். ஒவ்வொரு பந்துக்கும் பின்னாடி போய் நின்னு குறி பாத்துட்டுத்தான் வர்றது. நேரம் ஆகும், பக்கத்துல இருக்கறவன் ரெண்டு பக்கெட் பந்து முடிச்சுருவான், முடிக்கட்டும்.

இன்னொன்னு, தரையில ஒரு கிளப்ப குறிக்கு இணையா படுக்க வச்சுட்டு நில்லுங்க. முதல் தடவ நான் வச்சப்போ என் பாதம் ரெண்டும் குறிய விட்டு நல்லா வலது பக்கம் பாத்துட்டு இருந்துச்சு, இத்தன நாள் ஸ்விங்க திட்டிட்டு இருந்துருக்கேன். அப்புறம் ரேஞ்சுல விரிச்சிருக்கற செயற்கைப் புல் மேட்ட (விரிப்ப) நம்பாதீங்க, பந்துக்கு முன்னாடியே கிளப் தரையில பட்டாலும் மேட் அத வழுக்கி விட்டு நல்ல ஷாட் மாதிரி காட்டிரும். புல்லுல அயர்ன் அடிச்சா மண் பேர்றது பந்து இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும், குறி இருக்கற பக்கம்.

பந்த குழிக்குள்ள உருட்டி விடுற பட்டிங்கதான் யாரும் மதிக்கறதில்ல. பார் 72 கோர்ஸ்ல, அதாவது 18 ஹோலையும் 72 ஷாட்ல முடிக்கணும்ங்கற கோர்ஸ்ல, ஹோலுக்கு ரெண்டுன்னு 36 பட் கணக்குல இருக்கு, சரிபாதி! ஆனா பிராக்டிஸ்ல பாதி நேரம் யார் குடுக்கறா? டூர் ஆடுற தொழில்முறை ஆளுங்களே எட்டு அடியில இருந்து கிட்டத்தட்ட பாதிதான் போடுறாங்க, அதனால அங்க தவறினா நான் கவலப்படறதில்ல. மூணு அடியில தவறக்கூடாது. பட் அடிக்கற கிளப்பான பட்டரோட தல மட்டும் நுழையுற அளவுக்கு, பந்த தூக்கி வைக்கற சின்ன குச்சியான டீய ரெண்டு குத்தி வச்சுட்டு நடுவுல அடிப்பேன், டீ சாஞ்சா எண்ணிக்க மறுபடி ஒன்னுல இருந்து. அமெரிக்க கோல்ஃப் வீரர் பில் மிக்கெல்சன் குழியச் சுத்தி மூணு அடியில பந்து வச்சு வரிசையா நூறு போடுவாராம், எனக்கு இருவதுலயே கை நடுங்குது.

கடைசியா சிப்பிங், அதான் கிட்ட இருந்து பந்த லேசா தூக்கி குழிப் பக்கம் போடறது, ஒரே ஒரு பந்து. குழி இருக்கற குட்டைப் புல் தரையான கிரீனச் சுத்தி ஒம்பது இடம், சிப் ஒன்னு பட் ஒன்னு, ரெண்டுல முடிஞ்சா ஒரு பாயிண்ட். போன வாரம் ரெண்டு, நேத்து நாலு. அஞ்சாவதும் வந்துருக்கும், பந்து குழி விளிம்புல வந்து நின்னுருச்சு, சுத்தி யாரும் இல்லையேனு குனிஞ்சு ஊதிக்கூட பாத்தேன், விழல.