எல்எஸ் ஒரு கணக்கு, டியூ ஒரு கணக்கு

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அதிகம் வரும் போன் 'டிஸ்க் ஃபுல்' என்பதுதான். வந்ததும், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டை அடித்துப் பெரிய ஃபைல் எது என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். எல்எஸ் வழக்கமாகக் காட்டுவது ஃபைலின் நீளம் மட்டுமே. டிஸ்க்கில் உண்மையில் எத்தனை பிளாக், அதாவது எத்தனை இடத்துண்டு, போயிருக்கிறது என்பதை டியூ என்ற கமாண்டிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு இடத்தில் அப்ளிகேஷனின் லாக் ஃபைல் 40 ஜிபிக்கு வளர்ந்துவிட்டது. டியூட்டியில் இருந்த தம்பி அதை டெலீட் பண்ணாமல் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்தான். கெட்டிக்காரத்தனம்தான், ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) திறந்து வைத்திருக்கும் ஃபைலை டெலீட் செய்தால், பெயர் போகுமே தவிர, அது மூடும்வரை இடம் திரும்பாது. இங்கே, டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று டிஎஃப் காட்டும் கணக்கு உடனே இறங்கியது. ஆனால் கொஞ்ச நேரத்தில், "அண்ணா, அதே 40 ஜிபி திரும்ப வந்துடுச்சு" என்று போன்.

டியூ போட்டுப் பார்த்தால் சில நூறு கேபிதான். அந்த புராசஸ் லாகை அப்பெண்ட் முறையில், அதாவது எப்போதும் ஃபைலின் கடைசியில் எழுதும் முறையில், திறக்கவில்லை. ஃபைல் காலியானாலும், எழுத வேண்டிய இடம் 40 ஜிபிக்கு அப்பால் என்ற நினைப்பிலேயே அது இருந்தது; அடுத்த வரியை அங்கேயே போய் எழுதியது. முன்னால் எதுவும் எழுதாமல் கிடக்கும் பகுதியைத்தான் ஓட்டை என்கிறோம், அதற்கு பிளாக் எதுவும் கிடையாது. படித்தால், ஃபைல்களை நிர்வகிக்கும் ஃபைல்சிஸ்டம் அதைப் பூஜ்யமாகத் தரும். வரி தேடும் கிரெப் கமாண்டைப் போட்டால் வரி வரவில்லை, 'பைனரி ஃபைல்' என்றது.

டிஸ்க்குக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. வினை பேக்கப்பில் வந்தது. ஓட்டை என்றால் என்னவென்றே தெரியாத ஸ்கிரிப்ட், 40 ஜிபி பூஜ்யத்தையும் படித்து அந்தப் பக்கம் நிஜ பிளாக்குகளாக எழுதிவிட்டது. ஃபைல்களை வேறிடத்துக்குக் காப்பி எடுக்கும் ஆர்சிங்க்கில், ஓட்டையை ஓட்டையாகவே வைக்க பெரிய எஸ் (-S) ஆப்ஷன் உண்டு. யார் கடைசியாக எப்போது லாகின் செய்தார் என்று வைக்கும் லாஸ்ட்லாக் ஃபைலும் இந்த ஜாதிதான். ஒரு யூசருக்கு 292 பைட், யூஐடி எனும் அவருடைய யூசர் எண்ணுக்கு நேரான இடத்தில். யூஐடி 4294967294 உள்ள ஒருவர் ஒருமுறை லாகின் செய்தால் போதும், நீளம் 1.25 டெராபைட் என்று எல்எஸ் காட்டும்.

ஃபைலின் நடுவிலிருந்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வசதி லினக்ஸில் 2011இல் வந்தது, 2.6.38 கெர்னலில். பஞ்ச் ஹோல் என்பார்கள். முழு பிளாக்குகள் விடுபடும், ஓரத்தில் அரைகுறையாக வருவது பூஜ்யமாகும், நீளம் அப்படியே இருக்கும். ஒரு மெஷினுக்குள் (ஹோஸ்ட்) இன்னொரு மெஷினாக (கெஸ்ட்) ஓடும் விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி, கெஸ்ட்டின் டிஸ்க் என்பது ஹோஸ்டில் 'இமேஜ்' என்ற ஒரு ஃபைல்தான். ஆனாலும், "உள்ளே அவ்வளவும் அழிச்சேன், ஹோஸ்டில் ஒண்ணுமே குறையலையே" என்ற புகார் நிற்கவில்லை. உள்ளே அழித்தால் கெஸ்ட்டின் ஃபைல்சிஸ்டம் தன் குறிப்பில் 'காலி' என்று எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். அங்கே, காலி இடங்களைக் கீழே உள்ள டிஸ்க்குக்குச் சொல்லும் எஃப்எஸ்டிரிம் கமாண்ட் ஓட வேண்டும். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கியூஎமு புரோகிராமில், அந்தத் தகவலை ஹோஸ்டுக்குக் கடத்தும் டிஸ்கார்ட் ஆப்ஷன் அந்த டிஸ்க்குக்குத் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஹோஸ்டில் இருக்கும் இமேஜில் ஓட்டை விழும். பெரும்பாலும் விட்டுப்போவது அந்த டிஸ்கார்ட் வரிதான்.

டேட்டாபேஸ் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு மட்டும் இந்தச் சிக்கனமே வேண்டாம் என்பேன். ஓட்டையில் எழுதும்போதுதான் ஹோஸ்ட் பிளாக் தேடும். அங்கே இடம் இல்லையென்றால், உள்ளே பாதி டிஸ்க் காலியாகத் தெரியும்போதே எழுத்து தோற்கும். அதனால் அந்த இமேஜை முதல் நாளே முழு அளவுக்கும் ஒதுக்கிவிடச் சொல்வேன். ஸ்டோரேஜ் பில்லைப் பார்த்து மேனேஜர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.