கட்டக்கோரையிலிருந்து ஃபுகாய்டன்: கைதவறும் இடங்கள்

கடலிலிருந்து வந்து மருந்துக்கடை ஏறிய புற்றுநோய் மருந்துகள் உண்டு. 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைட்டராபின், கரீபியன் கடற்பஞ்சில் கிடைத்த நியூக்ளியோசைடுகளை (டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகள் போன்ற மூலக்கூறுகளை) பார்த்துச் செய்தது. 2010இல் வந்த எரிபுலினுக்கு மூலம் ஜப்பானியக் கடற்பஞ்சு. கடற்பாசியில் தேடினால் கை வெறுமைதான். பிரையாப்சிஸ் என்ற பச்சைப் பாசியில் கிடைத்த கஹலாலைடு எஃப் இரண்டாம் கட்ட மருத்துவச் சோதனை வரை போய் நின்றுவிட்டது. அதைத் தயாரிப்பதும் பாசி இல்லை, அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா என்று 2019இல் தெரிந்தது.

ஆனாலும் மண்டபம் பக்கத்துக் கட்டக்கோரையை, அதாவது சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியை, எடுத்து ஃபுகாய்டன் பிரித்து "புற்றுநோய் எதிர்ப்பு" என்று முடிக்கும் ப்ராஜெக்டுகளுக்குக் குறைவில்லை. ஃபுகாய்டன் என்பது சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலி. அதில் விஷயம் இருக்கிறது. கெடுவது பெரும்பாலும் பிரிக்கும்போதும் சோதிக்கும்போதும்தான்.

கரையில் ஒதுங்கி அழுகியதை எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே அனுமதியில்லாமல் கை வைக்கவும் கூடாது. பிடிவேரையும் மேலே ஒட்டி வளரும் பிற பாசிகளையும் நீக்கி, நல்ல தண்ணீரில் சட்டென்று அலசி, நிழலில் உலர்த்திப் பொடியுங்கள். ஊறப்போட்டால் நீரில் கரையும் சரக்கு அலசலோடு போய்விடும்.

முதலில் பொடியை 85 சதவீத எத்தனாலில் இரவு முழுக்கக் கலக்கி வடியுங்கள். வடிநீர் வெளிறும் வரை, இரண்டு மூன்று முறை. நிறமியோடு பாலிஃபீனால் என்ற துவர்ப்புச் சேர்மங்களில் ஒரு பகுதியும் இதில் போகும். இதைச் சுருக்கினால் எப்படி வம்பாகும் என்பது கீழே வருகிறது. பிறகு சாறு எடுக்க 5 கிராம் பொடிக்கு 100 மில்லி தண்ணீர், 65 டிகிரி, ஒரு மணி நேரம், இரண்டு முறை. அமிலம் சேர்த்தால் மகசூல் கூடலாம். அமிலமோ சூடோ மிஞ்சினால் சங்கிலி அறுந்து சல்பேட்டும் உதிரும். சாற்றில் 1 சதவீதம் கால்சியம் குளோரைடு சேர்த்து 4 டிகிரியில் இரவு வைத்தால் ஆல்ஜினேட் (பாசியின் இன்னொரு சர்க்கரைச் சங்கிலி, இங்கே வேண்டாத சரக்கு) அடியில் இறங்கும்.

அடுத்த எத்தனால் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 100 மில்லி சாற்றை 30 சதவீதமாக்க 43 மில்லி தூய எத்தனால் வேண்டும். 30 மில்லி ஊற்றினால் 23 சதவீதம்தான் வரும், ஆல்ஜினேட் மிச்சமிருக்கும். சென்ட்ரிஃபியூஜ் செய்து படிவை எறிந்துவிட்டு, தெளிந்ததில் இன்னும் சுமார் 190 மில்லி ஊற்றினால் 70 சதவீதம். ஃபுகாய்டன் இறங்குவது இங்கேதான். பஞ்சுபோல் இல்லாமல் நூல் நூலாகத் திரண்டால் ஆல்ஜினேட் என்று சந்தேகப்படுங்கள். கடைசியாக, உப்பும் சிறு மூலக்கூறுகளும் வெளியேற, 12-14 கிலோடால்டன் மூலக்கூறு எடை வரம்புள்ள பையில் டயாலிசிஸ், பிறகு உறைநிலை உலர்த்தல்.

மொத்தச் சர்க்கரையை அளக்கும் ஃபீனால்-கந்தக அமிலச் சோதனை மட்டும் போதாது. பழுப்புப் பாசியின் சேமிப்புச் சர்க்கரையான லாமினாரினையும் அது சர்க்கரை என்றே கணக்கெழுதும். ஃப்யூகோஸ் (ஃபுகாய்டனின் முக்கியச் சர்க்கரை), சல்பேட், யூரானிக் அமிலம் (ஆல்ஜினேட்டின் அடையாளம்), பாலிஃபீனால் நான்கையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலையில் 1250 செ.மீ⁻¹ அருகே சல்பேட் முகடு தெரிய வேண்டும்.

இனி எம்டிடி சோதனை: உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், அந்த ஊதாவை வைத்து உயிருள்ள செல்லைக் கணக்கிடுவது. 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல்கள், ஒட்டிக்கொள்ள 24 மணி நேரம். பாலிஃபீனால் மிச்சமிருந்தால் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கும், செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். செல் இல்லாத குழியில் அதே அளவு சாறு வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு: ஃபுகாய்டன் செல்லின் ஒட்டுதலைத் தளர்த்தும். கழன்ற செல்கள் ஊடகத்தை உறிஞ்சும்போது கூடவே போய், செத்தவையாகப் பதிவாகும். உறிஞ்சிய நீரில் உள்ள செல்களையும், செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் புளூ சாயம் போட்டு எண்ணுங்கள். புற்றுநோயில்லாத சாதாரண செல் வரிசை ஒன்றும் பக்கத்திலேயே ஓட வேண்டும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கச்சாச் சாற்றுக்கு வைத்த வரம்பு, ஐசி50 (செல் வளர்ச்சியைப் பாதியாக்கும் செறிவு) மில்லிக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே. 400 மைக்ரோகிராமில் பாதி செல் சாவதைத் தலைப்பில் போடுவது என்னைக் கேட்டால் அநியாயம்.

"எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிறது" என்று எழுதுமுன் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும், தானே எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் நச்சு) இருக்கிறதா என்று பாருங்கள். 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், எண்டோடாக்சினை விட்டுவிடும். குதிரைலாட நண்டின் ரத்தச் செல் சாற்றில் செய்யும் வழக்கமான எல்ஏஎல் சோதனையை லாமினாரின் போன்ற பீட்டா குளுக்கான் குழப்பும் என்பதால் எண்டோடாக்சினை மட்டும் காணும் புரதத்தை ஆய்வகத்தில் செய்து பயன்படுத்தும் ரீகாம்பினன்ட் ஃபாக்டர் சி முறையே மேல்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஃபுகாய்டன் மாத்திரை வாங்கப்போகும் நோயாளிகளுக்கு: அது ஹெப்பாரின் போல ரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியது. வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. பாசியைப் பொடித்து வீட்டிலேயே குடிப்பது இன்னும் மோசம், அயோடின் அளவு கைக்குள் நிற்காது. சர்காசம் வகையைச் சேர்ந்த, ஜப்பானியர் சாப்பிடும் ஹிஜிகிப் பாசியைக் கனிம ஆர்சனிக் காரணமாகச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் 2004இலேயே எச்சரித்திருக்கிறது.