பதிவேட்டில் ராக்கி, வீட்டில் மணி

காப்பகத்தின் பதிவேட்டில் அவனைப் பற்றி ஒற்றை வரிதான் இருந்தது: ஆண், நாட்டு நாய், செம்மண் நிறம், வயது 10-க்கு மேல், குணம் சாது. பெயருக்கான இடத்தில் ராக்கி என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ராக்கி என்று எத்தனை முறை அழைத்தாலும் அவன் காதைக்கூட அசைக்கவில்லை. தனியாக வாழ்ந்த ஒரு பெரியவர் இறந்துபோனதும், வீட்டைக் காலி செய்ய வந்த உறவினர்கள் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டுச் சென்றார்களாம். பெயரைச் சொல்ல அவர்கள் மறந்தார்களா, அவர்களுக்கே தெரியாதா என்பது யாருக்கும் தெரியவில்லை. காப்பகத்து ஊழியர் வாயில் வந்த ஒரு பெயரை எழுதி வைத்துக்கொண்டார். நாங்கள் பார்த்தபோது அவன் அங்கே வந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன.

நாங்கள் குட்டி பார்க்கத்தான் போனோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா மறைந்த பிறகு பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று நினைத்தேன். குட்டிகள் இருந்த பகுதியில் பிள்ளைகளும் கைபேசிகளுமாக ஒரே கூட்டம். அங்கே கூண்டு கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, "உங்க முழங்காலுக்குக் குட்டி ஆகாதும்மா, ஒரு நாளைக்கு பத்துத் தடவை ஓட விடும். கடைசிக் கூண்டுல ஒருத்தன் இருக்கான், போய்ப் பாருங்க" என்றார். அம்மாவுக்கு 68 வயது. நல்லபடியாக வளர்க்கப்படும் நாட்டு நாய் 12 முதல் 15 ஆண்டுகள் வரை உயிர் வாழும். "இப்பக் குட்டியை வாங்கினா, எனக்கப்புறம் அதுவும் இந்தக் கடைசிக் கூண்டுக்குத்தானே வரும்" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

காப்பகங்களில் வயதான நாய்கள் ஏன் தேங்கிப்போகின்றன என்பதற்கு, குட்டிகள் அழகாக இருக்கின்றன என்பது மட்டும் காரணமல்ல. சென்னைக்கு இதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. கேப்டன் சுந்தரம் குடும்பத்தினர் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடலாம் என்பதை 1960-களிலிருந்தே வலியுறுத்தி வந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-இல்தான். பின்னர் 2001-இல் வந்த மத்திய அரசின் விதிகள், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று வகுத்தன. அதாவது, ஆரோக்கியமான தெருநாய் காப்பகத்தில் நிரந்தரமாகத் தங்க வந்ததல்ல. அதற்குத் தெரு இருக்கிறது, தெருவில் ஒரு எல்லை இருக்கிறது, சோறு வைக்கும் கைகள் இரண்டு மூன்று இருக்கின்றன. திரும்பிப் போக இடமில்லாமல் காப்பகத்திலேயே தங்கிவிடுபவை கால் போனவை, கண் போனவை, பிறகு, ராக்கி என்று பதிவாகி இப்போது எங்கள் மணியாகிவிட்டவனைப் போல வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவை. வீட்டு நாயைத் தெருவில் விட்டால், ஏற்கெனவே அங்கிருக்கும் நாய்கள் அதை ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்க விடாது. இத்தனைக்கும், பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். இன்றைக்கு அந்தப் பணத்துக்குச் சென்னையின் நல்ல ஓட்டல் ஒன்றில் மசால் தோசைகூடக் கிடைக்காது.

மணியை அழைத்து வந்த முதல் மூன்று நாள்கள் எங்களுக்குச் சோதனைதான். வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கிக்கொண்டு போனதால், நின்ற இடத்திலிருந்து அவன் நகரவே பயந்தான். வாசலிலிருந்து சமையலறை வரை ரப்பர் விரிப்பை வாங்கிப் போட்டதும், அந்தக் கறுப்புப் பாதையை விட்டு ஓர் அங்குலம்கூட விலகாமல், தண்டவாளத்தில் போகும் ரயிலைப் போல நடந்தான். இரவில் எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காப்பகத்தில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்: முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில்தான் இது என் வீடு என்ற நினைப்பு வரும் என்று. வயதான நாய்க்கு இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் நீளும் என்பது என் அனுபவம்.

பெயரைக் கண்டுபிடித்தது அம்மா. ஒரு மத்தியானம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, தனக்குத் தெரிந்த நாய்ப் பெயர்களையெல்லாம் பாட்டுப் பாடுவதைப் போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். டைகர், டாமி, ஜிம்மி, ராமு, சீசர் எதற்கும் அசைவில்லை. மணி என்றதும் தலை நிமிர்ந்தது. கண்புரை மூடி வெளுத்திருந்த அந்த இரண்டு கண்களும் அம்மா இருந்த திசைக்குத் திரும்பின. வால் தரையில் இரண்டு முறை தட்டியது. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். 14 மாதங்கள் தன் பெயரை யாருமே சொல்லிக் கேட்காமல் அவன் கிடந்திருக்கிறான்.

இதுவரை சொன்னது நெகிழ்ச்சிக் கதை. வயதான பிராணியைத் தத்தெடுப்பதில் பெரும்பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. பெரும்பாலோர் தயங்குவதும் அதை நினைத்துத்தான், அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் வாரத்தில் மணி சோற்றை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போக ஆரம்பித்தான். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில், வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, வாயைக்கூடத் திறந்து பார்க்காமல் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். என் பங்குக்கு நான் செய்யவிருந்த தவறு அதைவிடப் பெரியது. அவன் வலியில் முனகுவதைப் பார்த்து, அம்மாவின் மூட்டு வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். இபுப்ரோஃபென், பாராசிட்டமால் போன்ற நம்முடைய மாத்திரைகள் நாய்க்கு விஷம். வயிற்றில் புண்ணை உண்டாக்குவதிலிருந்து சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுப்பது வரை போகும். அந்த நேரத்தில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கும், பணி ஓய்வு பெற்ற செவிலியர் அக்காவைத் தொலைபேசியில் கேட்டது மணியின் அதிர்ஷ்டம்.

அடுத்த நாள் காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 1903-இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. ஆடு, மாடு, பூனை, கிளி என்று எல்லோரோடும் வரிசையில் காத்திருக்க வேண்டும், ஆனால் செலவு நம் கைக்கு அடங்கும். மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பார்த்தவுடனேயே விஷயம் தெரிந்துவிட்டது: கடைவாய்ப் பற்கள் நான்கு அழுகிப்போயிருந்தன. பிடுங்குவதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பரிசோதனையில் கிரியாட்டினின் 2.1 என்று வந்தது. சிறுநீரகம் தளர ஆரம்பித்திருக்கிறது என்பது அதற்குப் பொருள். உண்ணிக் காய்ச்சல் இல்லை என்பதே அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. பற்களைப் பிடுங்கிய பத்தாவது நாள், குழைத்த சோற்றைத் தட்டு தேயும்வரை நக்கிவிட்டு, தட்டையே தள்ளிக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தான். வயதாகிவிட்டது என்பது ஒரு நோயின் பெயரல்ல என்று அன்றைக்கு அந்த மருத்துவர் சொன்னதை நான் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிறுநீரகத்துக்காக வாரத்துக்கு இரண்டு முறை தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டியிருக்கிறது. இதை நான் தனியாகச் சமாளித்திருக்க முடியாது. முதல் மாதம் செவிலியர் அக்கா ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து ஏற்றினார். பின்னங்கழுத்துத் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகும் விதத்தை எனக்கும் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் தளத்துக் கல்லூரி மாணவன், நான் அலுவலகத்தில் இருக்கும் நாள்களில் மாலை நடைக்கு அழைத்துப் போகிறான். தெருமுனைத் தையல்காரர் வெட்டுத் துணிகளைப் பழைய தலையணை உறையில் அடைத்து, மூட்டு உறுத்தாத படுக்கை ஒன்று தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. காவலாளி அண்ணன் அவனைப் பெரியவர் என்றுதான் சொல்வார், "பெரியவர் இன்னைக்கு வெளிய போய் வந்துட்டாரா?" என்று தினமும் அம்மாவிடம் கேட்பார். பாதிச் செலவு என்னுடையது, மீதி அங்கிருந்தும் இங்கிருந்தும் வந்து சேர்கிறது.

எல்லோரும் இப்படி இருந்துவிடவில்லை. நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போடவோ, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவோ முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை அச்செடுத்து வைத்திருந்தேன், ஆனால் நீட்டத் தேவைப்படவில்லை. மாநகராட்சி உரிமத்தையும் தடுப்பூசிச் சான்றிதழையும் காட்டினேன். முழங்கால் வலிக்காக லிஃப்டில் போகும் நான்காம் தளத்துத் தாத்தா, "அவனுக்கும் எனக்கும் ஒரே வியாதிதான், அவனை நடக்கச் சொன்னா என்னையும் நடக்கச் சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அந்தக் காப்பகத்துக்குப் போகிறோம். பிறந்தநாள் கொண்டாட வருபவர்கள் கொண்டு வந்து கொட்டும் சர்க்கரை பிஸ்கட்டுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. படம் எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள், மறுநாள் வயிற்றுப்போக்கைக் கழுவுவது ஊழியர்கள். அங்கே உண்மையில் தேவைப்படுவது பழைய செய்தித்தாள், சாக்கு, கிழிந்த போர்வை, பினாயில், அரிசி, அப்புறம் கை. சங்கிலியைப் பிடித்து ஒரு நாயைக் கால் மணி நேரம் வெளியே நடத்திக்கொண்டு வரக்கூட அங்கே ஆள் போதவில்லை. தீபாவளி வாரத்தில் மட்டும் ஒரு வயதான நாயை வீட்டில் வைத்துக்கொள்வது, வெடிச் சத்தத்தில் நடுங்கும் அந்த உயிருக்குப் பெரிய உதவி. வெளிநாடுகளில் சில காப்பகங்கள், வயதான நாயின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டு, தங்க இடமும் கவனிக்க ஆளும் இருக்கும் வீட்டுக்கு அதைக் கடைசிவரை அனுப்பி வைக்கின்றன. நம் ஊரில் ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் இருக்கிறது, வேலைக்குப் போகிறவர்களிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து நாம் ஏன் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்று போன மாதம் காப்பக நிர்வாகியிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, முதலில் ஒரு நாயை வைத்துத் தொடங்கலாம் என்றார்.

அந்த ஒரு நாயும் முடிவாகிவிட்டது. மணி இருந்த அதே கடைசிக் கூண்டில் இப்போது ஒரு கிழட்டுப் பொமரேனியன் இருக்கிறது. முன்பற்கள் இல்லாததால் நாக்கு எப்போதும் வலப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். நான்காம் தளத்துத் தாத்தா வீட்டில் இடம் தருகிறார், மருந்துச் செலவு எங்கள் குழுவுடையது. வரும் சனிக்கிழமை மணிக்கு மறுபடியும் இரத்தப் பரிசோதனை. அதை முடித்துக்கொண்டு, அதே ஆட்டோவில் அப்படியே காப்பகத்துக்குப் போகிறோம். தாத்தா நேற்றே ரப்பர் விரிப்பு வாங்கிவிட்டார். எந்த நிறம் நல்லது என்று அம்மாவிடம் கேட்டாராம்.