பதினோராம் மாவட்டத்து ரொட்டி

அண்ணன் மகள் லீவுக்கு அஸ்தம்பட்டி வந்திருந்தாள். 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலைப் படித்து முடித்த சூட்டோடு படத்தையும் போடச் சொன்னாள். மாவட்டத்துக்கு இரண்டு பிள்ளைகளைப் பிடித்து, ஒருவரை ஒருவர் கொல்ல விட்டு டிவியில் காட்டுகிற அரசைப் பற்றிய கதை அது. அந்தப் போட்டியில் சிறுமி ரூ செத்து, அவளோடு கூட்டு சேர்ந்திருந்த கதாநாயகி காட்னிஸ் அவளைச் சுற்றிப் பூ வைத்து முடித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அத்தை, ரொட்டி எங்கே?"

நல்ல கேள்வி. சூசன் காலின்ஸின் 2008 நாவலில், ரூவின் ஊரான பதினோராம் மாவட்டம் காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்பும். போட்டியில் இருக்கிறவர்களுக்கு வெளியே இருப்பவர்கள் காசு கட்டிப் பொருள் அனுப்பலாம். ரேஷன் தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டி, பிறை வடிவம், மேலே விதை தூவியிருக்கும். தோட்டத்தில் விளைவதைத் தொட்டால் சவுக்கடி விழுகிற ஊர் அது. அவர்கள் காசு சேர்த்து, செத்துப்போன தங்கள் பிள்ளைக்குப் பூ வைத்தவளுக்கு அனுப்புகிறார்கள். 2012இல் கேரி ராஸ் எடுத்த படத்தில் ரொட்டி இல்லை. அந்த இடத்தில் ஊர் கலவரத்தில் இறங்குகிறது, காவலர்கள் வந்து அடக்குகிறார்கள்.

நான் ஏற்காட்டில் காபித் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். அப்பா செத்தது ஒரு டிசம்பரில், பழம் பறிக்கிற நேரம். சாவு வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லையே, மூன்றாம் வீட்டுப் பாட்டி தூக்குப்போசியில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஈரக் கையால் உருட்டிய விரல் தடம் களியில் அப்படியே இருந்தது. பாட்டி அன்று பறிக்கப் போகவில்லை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அந்த ரொட்டிப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போசிதான் ஞாபகம் வரும்.

ரூவாக அமாண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்தார். ரூவுக்குக் கரும்பழுப்புத் தோல் என்று நாவலிலேயே இருக்கிறது. இருந்தும், 'இவள் கறுப்பினப் பெண்ணா' என்று 2012இல் ட்விட்டரில் பலர் பொருமினார்கள். நாம் மட்டும் சிரிக்க முடியாது. கறுப்புக் கதாநாயகி வேண்டுமென்றால் சிவப்பான நடிகைக்கு மை பூசி சீரியல் எடுக்கிற ஊர் நம்முடையது.

அதில் படம் நாவல் பக்கம் நின்றது. என் குறை வேறு. அந்தக் கறுப்பு மக்களை முதன்முதலாகக் கூட்டமாகக் காட்டும்போது, கொடுக்கிறவர்களாக அல்ல, கலகம் செய்து அடிவாங்குகிறவர்களாகக் காட்டிவிட்டது. நாவல் முழுக்க காட்னிஸின் வாயால் போகிறது, அவள் பார்க்காததை அது சொல்ல முடியாது. கேமராவுக்கு அந்தக் கட்டு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பிள்ளையைக் கொன்னுட்டாங்க அத்தை. ரொட்டி அனுப்பிட்டு சும்மா உட்காரணுமா?"

அதுவும் சரிதான். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் நாவலில், காட்னிஸின் மாவட்டத்திலிருந்தே போட்டிக்கு வந்த பையன் பீட்டாவுக்கு ஒரு கால் போய்விடும், படத்தில் முழுசாக எழுந்து நடக்கிறான் என்று அடுத்த சண்டையை ஆரம்பித்தாள். அதில் இரண்டு பேரும் ஒரே கட்சி.

இரண்டாம் நாவலில் காட்னிஸ் பதினோராம் மாவட்டத்து மேடையிலேயே நின்று அந்த ரொட்டிக்கு நன்றி சொல்வாள். இவள் இன்னும் அதைப் படிக்கவில்லை. நானும் சொல்லவில்லை, புத்தகத்தை மட்டும் அவள் பைக்குள் வைத்து அனுப்பினேன்.