டி வலேராவைப் பிடித்துக்கொண்டு அயர்லாந்து வரலாறு படித்த அனுபவம்

நம் அரசமைப்பில் எது எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற அட்டவணையைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அயர்லாந்து என்றால் அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள், குடியரசுத் தலைவர் தேர்தல் முறை, மாநிலங்களவை நியமன உறுப்பினர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்த பிறகுதான் அந்த நாட்டைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது தெரிந்தது. ஒரு மாதிரித் தேர்வில், அயர்லாந்து பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையைப் பற்றி, '1921 உடன்படிக்கையில் அயர்லாந்துத் தலைவர் டி வலேரா கையெழுத்திட்டார்' என்று எழுதிவிட்டேன். திருத்தியவர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, 'அப்படியென்றால் உள்நாட்டுப் போர் எதற்கு?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.

அதுவரை 1916, 1921, 1937, 1949 என்று ஆண்டுகளைத் தனித்தனியாக உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அதை நிறுத்திவிட்டு ஏமன் டி வலேராவின் வாழ்க்கையை மட்டும் எடுத்தேன். 1882-இல் பிறந்து 1975-இல் 92 வயதில் இறந்தவர். அந்த நாட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒரு பக்கம் நிற்கிறார். நோட்டின் இடப்பக்கத்தில் அவர் செய்ததை எழுதினேன், வலப்பக்கத்தில் அதை எதிர்த்தவர்கள் சொன்னதை. வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்தப் பகுதியை நான் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இளமைக்காலத்துக்கு அரைப்பக்கம் போதும். பிறந்தது நியூயார்க்கில். தாய் லிமெரிக் மாவட்டத்துப் புரூரிக்காரர். இரண்டு வயதில் தாய்மாமனோடு கப்பலேறி, பாட்டி வீட்டில் வளர்ந்தார். கணக்கு வாத்தியார் ஆனார். ஐரிஷ் மொழி படிக்கப் போன வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஷினேட் ஃபிளானகனையே 1910-இல் மணந்தார்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளினின் போலண்ட்ஸ் பேக்கரிப் பகுதிக்கு அவர்தான் தளபதி. மரண தண்டனை விதிக்கப்பட்டு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 'அமெரிக்காவில் பிறந்ததால் தப்பினார்' என்று கைடுகளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்துத் தலைவர்களைச் சுட்டுக் கொன்றதில் மக்கள் மனம் மாறத் தொடங்கியது, போதும் நிறுத்துங்கள் என்று லண்டனிலிருந்து அழுத்தம் வந்தது. அவருடைய முறை வந்தது அந்த நேரத்தில்தான். இந்தக் காரணத்தையும் சேர்த்தால்தான் 1918 தேர்தலில் அவருடைய ஷின் ஃபெய்ன் கட்சி எப்படி அள்ளியது என்பதும் விளங்கும்.

தேதிகள் நினைவில் நிற்கவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் லிங்கன் சிறைக் கதையைச் சொல்வேன். 1918-இல் மறுபடி கைதாகி இங்கிலாந்தின் லிங்கன் சிறையில் இருந்தார். பாதிரியாரின் சாவியை மெழுகுவர்த்தி மெழுகில் அழுத்தி அச்சு எடுத்தார்கள். கூட இருந்த கைதி ஒருவர் அதன் அளவைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் கேலிச்சித்திரம் போல வரைந்து வெளியே அனுப்பினார். சாவி கேக்குக்குள் வந்தது, சேரவில்லை. கடைசியில் வெட்டாத சாவியை வரவழைத்து உள்ளேயே அராவினார்கள். 1919 பிப்ரவரி 3 இரவு, வெளியே அவருடைய தோழர்கள் மைக்கேல் காலின்ஸும் ஹாரி போலண்டும் காத்திருக்கிறார்கள். காலின்ஸ் தன்னிடமிருந்த சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்ப, அது உள்ளேயே முறிந்துவிட்டது. டி வலேரா இந்தப் பக்கத்திலிருந்து தன் சாவியால் அந்தத் துண்டை வெளியே தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். ஒரே பூட்டின் இரு பக்கமும் நின்ற அந்த இருவரும் மூன்றே ஆண்டுகளில் எதிரெதிர் அணி. இதைப் படித்த பிறகு 1919-உம் 1922-உம் எனக்குக் குழம்பியதே இல்லை.

இனி அந்தச் சிவப்பு மைக் கேள்வி. என் நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான். 1921 ஜூலையில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜை நேரில் பார்த்துப் பேசியவர் டி வலேரா. ஆனால் லண்டனில் நடந்த இறுதிப் பேச்சுக்கு சகத் தலைவர்களான ஆர்தர் கிரிஃபித்தையும் காலின்ஸையும் அனுப்பிவிட்டு டப்ளினிலேயே இருந்துவிட்டார். நாட்டின் தலைவர் பேரத்தில் இறங்கக்கூடாது, கடைசி முடிவு டப்ளினில் எடுக்கப்பட வேண்டும் என்பது அவர் தரப்பு. குடியரசு கிடைக்காது என்று தெரிந்தே பழியை மற்றவர் தலையில் போட்டார் என்பது எதிர்த் தரப்பு. டிசம்பர் 6-இல் கையெழுத்தான உடன்படிக்கையில் பிரிட்டிஷ் மன்னருக்கான விசுவாச உறுதிமொழி இருந்தது. 1922 ஜனவரி 7-இல் டாய்ல் எனப்படும் அவர்கள் நாடாளுமன்றம் 64-க்கு 57 என்று அதை ஏற்றது. அதை எதிர்த்த டி வலேரா வெளியேறினார். ஜூனில் உடன்படிக்கையை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர். ஆகஸ்ட் 22-இல் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். விடையில் இரண்டு தரப்பையும் எழுதிவிட்டு, எது உங்களுக்குச் சரியென்று படுகிறது என்பதையும் தயங்காமல் எழுதுங்கள். எனக்கு அவர் லண்டனுக்குப் போயிருக்க வேண்டும் என்றுதான் படுகிறது. அந்தப் பேரத்தின் அழுத்தத்தை அவரும் சேர்ந்து சுமந்திருந்தால் 57 பேர் ஒரு பக்கம் திரண்டிருப்பார்களா என்று கேட்டு எழுதினேன்.

அப்புறம் 1927. அந்த உறுதிமொழிக்காகத்தான் போரே நடந்தது. 1926-இல் ஃபியானா ஃபாயில் கட்சியைத் தொடங்கிய டி வலேரா, மறு ஆண்டு அதே உறுதிமொழி ஏட்டில் கையெழுத்துப் போட்டு அவைக்குள் போனார். இது வெறும் சம்பிரதாயம் என்றார். 1932-இல் ஆட்சிக்கு வந்து, அடுத்த ஆண்டே உறுதிமொழியை ஒழித்தார். இதைத்தான் 1922-லேயே செய்திருக்கலாமே என்று வலப்பக்கத்தில் எழுதிவைத்தேன்.

1937 அரசமைப்பைப் படிக்கும்போது நம் அட்டவணைக்கு உயிர் வரும். அதன் 45-ஆவது உறுப்பில் உள்ள சமூகக் கொள்கை நெறிகளை எந்த நீதிமன்றமும் கையில் எடுக்க முடியாது. நம் 37-ஆவது உறுப்பு சொல்வதும் அதுதான். அவர்கள் மேலவைக்குப் பிரதமர் 11 பேரை நியமிக்கிறார், நம்மிடம் குடியரசுத் தலைவர் 12 பேரை. நம் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947 இறுதியில் டப்ளினுக்கே போய் டி வலேராவைச் சந்தித்துப் பேசியிருக்கிறார். பெண்ணின் இடம் வீடு என்கிற தொனியில் ஐரிஷ் அரசமைப்பின் 41-ஆவது உறுப்பில் எழுதியதையும், 1945-இல் ஹிட்லர் இறந்ததற்கு ஜெர்மன் தூதரிடம் போய் இரங்கல் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். பிடித்த தலைவர் என்பதற்காக அவற்றை நான் முதலில் தவிர்த்தேன், விடை ஒருதலையாகத்தான் இருந்தது.

1949-க்கு இரண்டு தேதிகளைச் சேர்த்துப் படியுங்கள். ஏப்ரல் 18-இல் அயர்லாந்து காமன்வெல்த்தை விட்டு வெளியேறிக் குடியரசானது. அப்போது டி வலேரா ஆட்சியில் இல்லை. ஏப்ரல் 28-இல் இந்தியா குடியரசாக இருந்துகொண்டே காமன்வெல்த்தில் தொடர வழி செய்தது லண்டன் பிரகடனம். மன்னரை ஆட்சியாளராக அல்லாமல் நாடுகளின் இணைப்புக்கு அடையாளமாக மட்டும் ஏற்கலாம் என்று 1921-22-இல் டி வலேரா முன்வைத்துத் தோற்ற யோசனையும் ஏறக்குறைய இதுதான்.

நேரமிருந்தால் கைடை மூடிவைத்துவிட்டு ஐரிஷ் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளைத் திறந்து பாருங்கள், இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. 1922 ஜனவரி 7, வாக்கெடுப்பு முடிந்த பிறகு டி வலேரா எழுந்து பேசுகிறார். நான்கு ஆண்டுகளாக நாடு காத்த கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லி, உலகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தொடங்குகிறார். அந்த வாக்கியம் முடியவில்லை. பேச முடியாமல் உடைந்துபோனார் என்று பதிவாளர் அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கிறார்.