மாத்திரை நாட்கள்

அக்டோபர் 8, 2025, புதன்

தஞ்சாவூரிலிருந்து வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. ஊசி ஏறிய கை தோள் வரை விறுவிறுவென்கிறது. குழாயைத் திறந்து கை கழுவப் போனேன். விரல் நுனியெல்லாம் முள் குத்தியது. புற்றுநோய்க்காக டிரிப்ஸில் ஏறும் பிளாட்டினக் கீமோ மருந்தின் வேலை இது. குளிர்ந்த எதையும் தொடக் கூடாது, குடிக்கக் கூடாது. அத்தை ஒரு வார்த்தையும் கேட்காமல் வெந்நீர் விளாவிக் கொண்டுவந்து வைத்தார்.

இன்றிரவே கீமோ மாத்திரையும் ஆரம்பம். காலையும் இரவும், இரண்டு வாரம். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். ஆகவே சாப்பிட்டே ஆகவேண்டும். ஒன்றரை இட்லி, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல்.

அக்டோபர் 9, வியாழன்

காபி வாசனைக்கு எழுந்து ஓடினேன். வாந்தி வரவில்லை, வெறும் ஓங்கரிப்பு. பித்தளை ஃபில்டரில் முதல் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனையில்தான் இந்த வீட்டில் முப்பது வருடமாக விடிகிறது. கும்பகோணத்தில் பிறந்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை தேவையில்லை. என் கணவர் எதுவும் சொல்லாமல் ஃபில்டரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். வந்தபின் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் என் அருகே உட்கார்ந்தார்.

அக்டோபர் 11, சனி

இன்றும் வெளிக்குப் போகவில்லை. வயிறு உப்பி, இடுப்பில் புடவை நிற்க மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

போன சுற்றிலும் இப்படித்தான்: முதலில் அடைப்பு, பிறகு போக்கு. அடைப்புக்குக் காரணம் வாந்தியை அடக்கும் மாத்திரை, ஆண்டான்செட்ரான். கீமோ குடலைத் தாக்கும்போது குடற்சுவரிலுள்ள செல்கள் செரோடோனின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது நரம்பைத் தட்ட, நரம்பு மூளைக்குச் சொல்ல, வாந்தி வருகிறது. ஆண்டான்செட்ரான் அந்த வழியை மறிக்கிறது. கூடவே குடலின் அசைவையும் மந்தமாக்கிவிடுகிறது. 1990களுக்கு முன், இந்த மாத்திரை வராத காலத்தில் கீமோ எடுத்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வாந்திக்குப் பயந்தே பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அடைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அத்தை கடுக்காய்ப்பொடி கலக்கட்டுமா என்று கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப் இருக்கிறது, வேறு எதையும் சேர்க்க வேண்டாம் என்று என் கணவர் பக்குவமாகச் சொல்லிவிட்டார். அத்தை முகம் வாடிவிட்டது. அவருக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் இந்த வீட்டுக்காரர்களுக்குத் தம் எண்பது வயது வரை செய்து கொடுத்தவர். இப்போது அடுக்களைக்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று தெரியாமல் நிற்கிறார். சாயங்காலம் நானே கூப்பிட்டு, நொய்க்கஞ்சி வைக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றேன். உண்மையும் அதுதான்.

அக்டோபர் 15, புதன்

இன்று விருந்தாளிகள். உறவுதான், பிரியமாகத்தான் வந்தார்கள். ஒரு பை நிறைய முள்சீத்தா இலை. கஷாயம் வைத்துக் குடித்தால் கீமோவே வேண்டாமாம். இன்னொருவர், சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்றார். போனில் வந்த வீடியோவையும் காட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. எடை 46 கிலோவுக்கு வந்துவிட்டது. எது உள்ளே இறங்குகிறதோ அதைச் சாப்பிடுங்கள், எடை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உணவு ஆலோசகர் தலைப்பாடாகச் சொல்லியிருக்கிறார். சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறவளிடம் வந்து, அதைத் தின்னாதே இதைத் தின்னாதே என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? கட்டிக்கு மட்டும் தனியாகப் பட்டினி போட முடியாது. உடம்பு முழுவதும்தான் பட்டினி கிடக்கும். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் கல்லீரல் தானே உண்டாக்கிக் கொடுக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட இதைப் புரியவைத்திருக்கிறேன். பெரியவர்களிடம் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

இலைகளை அவர் கொல்லைப்புறக் குழியில் போட்டு மண் தள்ளினார்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையிலிருந்து. மழை வேறு.

அக்டோபர் 18, சனி

இரவு முழுக்கத் தூக்கமில்லை. காலையில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். எத்தனை முறை, தண்ணீராகவா, இரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் எப்போது போனது என்று சிஸ்டர் வரிசையாகக் கேட்டார். கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சத்தமாகவே பதில் சொன்னேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாற்பது வயதுப் பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, உடம்பில் நீர் வற்றி, ஸ்ட்ரெச்சரில் வருவதை அந்த வார்டில் பார்த்தவள் நான்.

கீமோ மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இந்தச் சுற்றுக்கு இனி வேண்டாம். விட்டதைச் சேர்த்துப் போடுவதும் கூடாது. போக்கை நிறுத்த வேறு மாத்திரை: முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொரு முறை போய்வந்த பின்னும் ஒன்று, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. காய்ச்சல் 100.4 ஆகிவிட்டாலோ இரத்தம் தெரிந்தாலோ வீட்டில் இருக்கக் கூடாது. பால் வேண்டாம், காரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், காபி வேண்டவே வேண்டாம்.

காபியைப் பற்றி யார் கேட்டார்கள்?

அக்டோபர் 19, ஞாயிறு

படுத்தபடியே எழுதுகிறேன்.

குடலின் உட்பக்கச் சவ்வு மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. உடம்பிலேயே வேகமாகப் பெருகும் செல்களில் அவையும் சேர்த்தி. கீமோ மாத்திரை உடம்புக்குள் போய் ஃபுளோரோயுராசிலாக மாறுகிறது. 1957ல் சார்லஸ் ஹைடல்பர்கர் கொண்டுவந்த மருந்து. செல்லுக்கு வேண்டிய யுராசிலைப் போலவே வேஷம் போட்டு உள்ளே நுழைந்து, டி.என்.ஏ. உண்டாவதைத் தடுக்கிறது. வேகமாகப் பெருகுவது எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். புற்றுச் செல்லைக் கொல்லும் கையோடு என் குடலையும் வாயையும் உரிக்கிறது. நாக்கின் ஓரத்தில் இரண்டு புண். உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான நீரால் கொப்பளிக்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அவர் ஒரு டம்ளரில் கரைக்கப் போனார். பதறித் தடுத்தேன். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட், குறைக்கவும் கூடாது கூட்டவும் கூடாது. கொதித்து ஆறிய நீர், தொண்டைக்குக் குளிராத சூட்டில். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. சர்க்கரைதான். குளுக்கோஸ் குடற்சுவரைக் கடக்கும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. சர்க்கரை இல்லாவிட்டால் எத்தனை செம்பு குடித்தாலும் வழிந்தோடிவிடும். வீடியோ காட்டியவர் இப்போது வந்தால் இந்த லிட்டர் பாத்திரத்தைக் காட்டுவேன்.

1971ல் பங்களாதேஷ் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் பங்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022 அக்டோபரில் இறந்தார், மறு ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். கொடுத்தபோது அவர் இல்லை.

கால் மணிக்கு ஒரு முறை இரண்டு மடக்கு. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மகள் நேற்றிரவே வந்துவிட்டாள். எண்ணெய் ஸ்நானத்துக்கு அத்தை என் உச்சியில் ஒரு சொட்டு மட்டும் வைத்தார். புதுப்புடவையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பட்டாசுப் புகை பொறுக்கவில்லை, ஜன்னலைச் சாத்தினார்கள். மைசூர்பாகு, முறுக்கு எதையும் என் கண்ணில் காட்டவில்லை. யாரும் எனக்காகச் சாப்பிடாமல் இருக்க வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அதன் பிறகுதான் மகள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அத்தை தீபாவளி மருந்து கிளறியிருந்தார். இஞ்சி, ஓமம், கண்டந்திப்பிலி, வெல்லம், நெய். சுண்டைக்காய் அளவு கையில் வைத்துக்கொண்டு கொடுப்பதா வேண்டாமா என்று என்னையே பார்த்தார். வாய்ப்புண்ணில் பட்டால் எரியும். வாங்கி முகர்ந்தேன். குமட்டவில்லை. பல நாட்களுக்குப் பிறகு சாப்பிடும் பொருள் ஒன்றின் வாசனை எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் நொய்க்கஞ்சி, உப்பு போட்டு. ஒரு கிண்ணம் முழுவதும்.

அக்டோபர் 21, செவ்வாய்

இரவு தூங்கினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இடியாப்பம். மத்தியானம் குழைந்த சோறும் மிளகாய் போடாத பருப்புத் தண்ணீரும். வாழைக்காயை வேகவைத்து மசித்து அத்தை கொடுத்தார், அது நன்றாக உட்காருகிறது. மூன்று வேளைச் சாப்பாடு என்பதையே மறந்துவிட்டோம். இரண்டு மணிக்கொரு தடவை நான்கு வாய்.

உப்பு தெரிகிறது. இனிப்பு தெரிகிறது. புளிப்பு மட்டும் துருப்பிடித்த இரும்பை நக்கியது போல் இருக்கிறது. எவர்சில்வர் கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே சாப்பிடுகிறேன். அந்த இரும்பு ருசி பாதியாகிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

நாளை தஞ்சாவூர். நாற்பது கிலோமீட்டர்தான். எனக்கு ஊசியில் பயமில்லை, டிரிப்ஸில் பயமில்லை. பாதையில்தான் பயம். பஸ்ஸில் போனால் பாபநாசத்தில் வயிறு புரட்டினால் என்ன செய்வது? கண்டக்டரிடம் என்ன சொல்லி நிறுத்தச் சொல்வது? நிறுத்தினாலும் எங்கே போவது? ஆண்களுக்கு ஒரு மரம் போதும். அதனால்தான் ரயில் என்று பிடிவாதமாக இருக்கிறேன். பெட்டியில் கழிவறை இருக்கிறது என்ற நினைப்பே வயிற்றைப் பாதி அடக்குகிறது. கதவுக்குப் பக்கத்து இருக்கை. பையில் மாற்றுப் புடவை, பழைய துண்டு, பேப்பர் சோப்பு, ஓ.ஆர்.எஸ். பாட்டில், மாத்திரை. மகள் பெரியவர்களுக்கான டயபர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையும் உள்ளே வைத்தேன்.

அக்டோபர் 29, புதன்

ஊசி போடவில்லை. வெள்ளை அணு போதவில்லை, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மாத்திரை அளவையும் குறைத்துவிட்டார்கள். குறைத்தால் கட்டி திரும்ப வந்துவிடாதா என்று அவர் கேட்டார். டாக்டர் நிதானமாக, தாங்குகிற அளவில் முழுச் சிகிச்சையும் முடிப்பதுதான் முக்கியம் என்றார்.

அதை நான் சரியாகக் கேட்கவில்லை. என் மனம் முழுக்க வெளியே பெஞ்சிலிருந்த பெண்ணிடம் இருந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். இரண்டு பஸ் மாறி வருகிறார். உதடு வெடித்திருந்தது. என் பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார். நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. குடித்தால் பஸ்ஸில் வந்துவிடும் அக்கா என்றார். இங்கே வந்துவிட்டீர்களே, இனிக் குடிக்கலாமே என்றேன். கீமோ அறையைக் காட்டினார். இருபது நாற்காலிக்கு ஒரே கழிவறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து. டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். தாழ்ப்பாள் சரியில்லை. உள்ளே கைப்பிடியும் இல்லை. போன மாதம் அந்த வரிசையில் நிற்கும்போதே அவருக்குப் போய்விட்டதாம். எல்லாரும் பார்த்தார்களாம். அன்றிலிருந்து, வருவதற்கு முதல் நாளே வாயைக் கட்டிவிடுகிறார்.

அவருக்கும் இன்று ஊசி இல்லை. இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிவிட்டது, சிறுநீரகம் திணறுகிறது என்று சொன்னார்கள். ஏன் ஏறியது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். நான் சிஸ்டரைக் கூப்பிட்டு, இவர் நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் என் கையை அழுத்திப் பிடித்தார், சொல்லாதீர்கள் என்பது போல. சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

அந்தப் பெண்ணுக்கு உப்புநீர் ஏற்றி அனுப்பினார்களா? பேர்கூடக் கேட்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

அவர் காலையில் என்னைக் கேட்டுவிட்டு ஃபில்டரைத் திரும்ப எடுத்தார். ஓங்கரிப்பு வரவில்லை. குடிக்கவும் தோன்றவில்லை.

எடை 46.5.

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மனு எழுதுகிறேன். வெள்ளைத் தாளில், பள்ளியில் எழுதுகிற மாதிரி, பெறுநர், பொருள் எல்லாம் போட்டு. கீமோ அறையில் பெண்களுக்குத் தனிக் கழிவறை ஒன்று, உட்புறம் கைப்பிடி, ஸ்டாண்டோடு நுழையும் அகலத்தில் கதவு, வேலை செய்யும் தாழ்ப்பாள். வெந்நீரும் வேண்டும் என்று சேர்த்தேன். இந்த மருந்து ஏறுகிறவர்கள் குழாயின் குளிர்ந்த நீரில் கை கால் கழுவ முடியாது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் பயத்தால் அன்னம் தண்ணீர் இல்லாமல் வருகிறார்கள், வந்தவுடன் அதைக் கேட்டறிய ஒரு பெண் ஊழியர் வேண்டும் என்பதைக் கடைசியில் வைத்திருந்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, அதைத்தான் முதலில் போடவேண்டும் என்றார். சரிதான். திருத்தி எழுதினேன்.

பேதி, மலம் என்று வரும் இடங்களில் உடல் உபாதை என்று மாற்றலாமா என்றும் கேட்டார். மாற்றவில்லை.

கீழே பதினைந்து பேர் கையெழுத்திட இடம் விட்டிருக்கிறேன். நாளை வரிசையில் நிற்கும்போது வாங்க வேண்டும். பட்டுக்கோட்டைப் பெண்ணுக்கும் நாளைதான் தேதி கொடுத்திருக்கக்கூடும். அவர் வந்தால் முதல் கையெழுத்து அவருடையது. பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கூடுதலாக, பேனா இரண்டு.